சார்ஜ் யார் கையில்?

வெள்ளைக்காரர்கள் இந்தியாவை விட்டுப் போகும்போது அதிகாரம் மொத்தத்தையும் டெல்லியில் ஒப்படைத்துவிட்டுப் போனதாகத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது தப்பு. அதில் பாதியைக் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது எங்கள் இன்சார்ஜ் அக்காவிடம் பத்திரமாக இருந்தது. அந்தக் கிடங்கில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்லத் தயார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். கல்யாணமாகி வந்து முப்பது வருஷமாக மட்டாஞ்சேரிக்காரர். உயரம் ஐந்தடிக்கும் கொஞ்சம் கீழே. சேலைக்கு மேல் ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காதில் பேனா. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், யாருக்கும் தெரியாது. தமிழ்ப் பெண்கள் இன்சார்ஜ் அக்கா என்பார்கள், மலையாளப் பெண்கள் இன்சார்ஜ் சேச்சி என்பார்கள். முதலாளி சேட்டும் 'இன்சார்ஜ்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவரை இன்சார்ஜாக யார் போட்டது என்று கேட்டால் சேட்டு கூரையைப் பார்ப்பார். யாரும் போடவில்லை. சுக்கு தரம் பிரிக்க வந்த பெண்களில் ஒருவராக வந்து உட்கார்ந்தவர், ஒரு நாள் எழுந்து நின்றார், அப்புறம் உட்காரவில்லை. நியமனம் நடந்தது அவ்வளவுதான்.

நான் கோவில்பட்டியிலிருந்து போனவன். கிடங்கின் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கப்பலில் போகும் சரக்குக்கு பேக்கிங் லிஸ்ட் அடிப்பது என் வேலை. கீழே முற்றத்தில் பன்னிரண்டு பெண்கள் சுக்கைக் கொட்டி, புடைத்து, தரம் பிரித்து மூட்டையாக்குவார்கள். பீரான் இக்கா என்பவரின் தலைமையில் சுமை தூக்கும் ஆட்கள் அதை லாரியில் ஏற்றுவார்கள். ஜன்னலைத் திறந்தால் சுக்குத் தூசியும் அக்காவின் குரலும் சேர்ந்தே மேலே வரும். முதல் மாதம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தேன்.

அக்காவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் முப்பது வார்த்தை இருக்கும். எல்லாமே உத்தரவு வார்த்தைகள். மழைக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாது, ஆனால் மழை வந்தால் என்ன சொல்லவேண்டும் என்று தெரியும். 'கவர்! இம்மீடியட்!' வார்த்தைகளைப் படகுத்துறையில், வங்கியில், ஆஸ்பத்திரியில், திருவிழா மைக்கில் என்று ஊரெல்லாம் பொறுக்கிச் சேர்த்திருந்தார். 'டிஸ்பர்ஸ்' என்பது ஏதோ ஊர்வலத்தில் போலீஸ்காரர் சொன்னதாம். அதை அக்கா ஆடுகளுக்கு ஒதுக்கியிருந்தார். மட்டாஞ்சேரித் தெருவில் திரியும் ஆடுகள் லாரி ஹார்னுக்கே அசையாதவை. அக்கா 'டிஸ்பர்ஸ்!' என்றால் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போகும். அதே வார்த்தையை நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு ஆடு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாக்கைத் தின்னத் தொடங்கியது.

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு எடை உண்டு. 'கேரி ஆன்' என்றால் சந்தோஷமாக இருக்கிறார். 'ப்ரொசீட்' என்றால் வேலையைத் தொடங்கலாம், ஆனால் கண் உங்கள் மேல்தான். மழை நேரம் தவிர 'இம்மீடியட்' என்றால் சாயா குடித்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. என்ன சாக்குப்போக்கு சொன்னாலும் 'நோட்டட்' என்று ஒரே பதில்தான் வரும். பயப்படவேண்டியது 'கைண்ட்லி'க்கு. இந்த நாட்டில் கைண்ட்லி என்று ஆரம்பிக்கும் எந்தக் கடிதத்திலும் அடுத்த வரியில் ஒரு குட்டு இருக்கும் என்பதை அக்கா படிக்காமலே கண்டுபிடித்திருந்தார். ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே நின்று, "தம்பி, கைண்ட்லி கீழ வா" என்றார். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டே இறங்கினேன். ஜெர்மனிக்குப் போகவேண்டிய சுக்கை பேக்கிங் லிஸ்ட்டில் துபாய்க்கு அனுப்பியிருந்தேன். கப்பல் ஏறுவதற்கு முன்னால் பெரிய எழுத்துகளைக் கூட்டிப் படித்து அவர்தான் பிடித்தார்.

"ஏன்க்கா, தமிழ்லயே உத்தரவு போடலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தமிழ்ல சொன்னா, நீ யாருடி எனக்குச் சொல்லன்னு சண்டைக்கு வருவாளுக. மலையாளத்துல சொன்னா நேரா யூனியன் ஆபீசு. ஹிந்தியில சொன்னா மூட்டை தூக்குற வங்காளத்துப் பயலுக சிரிக்கிறானுக. இங்கிலீஷ்ல சொல்லிப் பாரு, ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். நான் சொல்ற மாதிரியே இருக்காது தம்பி. சர்க்கார் சொல்ற மாதிரி இருக்கும்."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உண்மையான விசேஷம் சார்ஜ் நோட்டு. கிடங்குக்கு வருவதற்கு முன்னால் அக்கா எர்ணாகுளத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் இரண்டு வருஷம் தற்காலிகமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சூப்பிரண்டு லீவில் போவதற்கு முன்னால் சார்ஜை ஒரு கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்தாராம். கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட்டார்களாம். மறுநாள் சூப்பிரண்டு மறந்து வைத்த குடையை எடுக்க வந்திருக்கிறார்.

"அந்தக் கிளார்க்குகிட்ட நின்னு, குடைய எடுத்துக்கட்டுமான்னு கேக்குறாரு தம்பி! அவரு குடை! அவரு வாங்கின குடை! அன்னிக்கிதான் எனக்கு மனசிலாச்சு. அதிகாரம் ஆளுகிட்ட இல்ல. கையெழுத்துல இருக்கு."

அதிலிருந்து அக்கா கிடங்கில் எங்கே போனாலும், சாப்பிட, பாத்ரூம் போக, எதிர்க்கடையில் வெற்றிலை வாங்கப் போனால்கூட, சார்ஜை எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். கோணி ஊசியால் தைத்த கோடுபோட்ட நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் நம்பர். கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து, கடைசியில் ரிமார்க்ஸ். திரும்பி வந்ததும் வாங்கியவர் மறுபடி எழுதி அவரிடம் கொடுக்கவேண்டும். அதுவரைக்கும் அக்கா இன்சார்ஜ் கிடையாது, வெறும் அக்கா.

எனக்கும் சார்ஜ் கிடைத்திருக்கிறது. முதல் தடவை பத்து நிமிஷம். முற்றத்தின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமி, "கேரி ஆன்" என்றேன். பன்னிரண்டு பெண்களும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அக்கா திரும்பி வந்து, "என்ன ஆர்டர் குடுத்த?" என்று கேட்டார். கொடுத்ததைச் சொன்னேன். "அவளுக ஒழுங்காத்தான வேலை பாத்துட்டிருந்தாளுக? அத ஏன் கெடுத்த?" என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.

இன்னொரு நாள், தரம் பிரிக்கும் பெண்களில் ஒருவரான பிலோமினா சேச்சி, சார்ஜ் கையில் இருக்கும்போதே மறந்துபோய்ச் சர்ச்சுக்குப் பிரார்த்தனைக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து மழை. முற்றம் முழுக்கச் சுக்கு காய்கிறது. அக்கா ஓடிவந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார், மற்றவர்களோடு சேர்ந்து நனைந்துகொண்டே மூடினார், ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பவர் இல்லையே. நாலு மூட்டைக்கு உண்டான சுக்கு நனைந்தது. பிலோமினா சேச்சி வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மறு நிமிஷம் அந்த முற்றத்தில் கேட்ட இங்கிலீஷை இங்கே எழுத முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ராஜ்யத்துக்கு சேட்டின் மகள் வடிவில் ஆபத்து வந்தது. மேனேஜ்மென்ட் படித்துவிட்டு காக்கநாட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்தவர், அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று வியாபாரத்தைப் பார்க்க வந்தார். நாங்கள் மேடம் என்போம். வந்த முதல் வாரத்திலேயே அப்பாவிடம், "இந்த இன்சார்ஜ் யார்? அவர் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லையே" என்று கேட்டார். ஏஜென்சி மூலம் படித்த சூப்பர்வைசர் ஒருவரைப் போடலாம், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முற்றத்தை நேரில் பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். அன்றைக்குக் கன்டெய்னர் லோடிங் வேறு. ஐந்து மணிக்குள் வண்டி கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும்.

விஷயத்தை அக்காவிடம் நான்தான் சொன்னேன். "நோட்டட்" என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"சாப்பிடுங்கக்கா. என்ன ஆயிடப் போகுது? சூப்பர்வைசர் வந்தாலும் உங்களுக்கு வேலை இருக்கும்."

"வேலை இருக்கும் தம்பி. சார்ஜ் இருக்காதுல்ல." டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தார். "வீட்டுல மருமக சார்ஜு. பஸ்ஸுல ஏறினா கண்டக்டரு. ரேஷன் கடையில அந்த மீசைக்காரன். எனக்குன்னு இந்த ஒரு கிடங்கு முத்தந்தான் இருக்கு."

இரண்டு மணிக்கு பாத்ரூம் போகக் கிளம்பினார். வழக்கம்போல நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிலோமினா சேச்சி தண்ணீர் குடித்துவிட்டு வந்து போடட்டும் என்று, பேனாவோடு ஒரு மூட்டையின் மேல் விரித்து வைத்துவிட்டுப் போனார்.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் சுற்றும் டூரிஸ்டுகள் சுக்கு வாசனை பிடித்துக்கொண்டு எங்கள் கிடங்குக்குள் எட்டிப் பார்ப்பது தினமும் நடப்பதுதான். அன்றைக்கு நெட்டையாக ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சுக்கை முகர்ந்தார், பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார், மூட்டையின் மேல் கையெழுத்துகள் நிறைந்த ஒரு நோட்டு திறந்திருப்பதைப் பார்த்தார். விருந்தாளிகள் எழுதும் நோட்டு என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு, ரிமார்க்ஸில் 'வொண்டர்ஃபுல்' என்றும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா வந்து நோட்டைப் பார்த்தார். அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்து அதிகாரம் மறுபடி வெள்ளைக்காரன் கைக்குப் போய்விட்டது.

முதலில் எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பெண்களின் வரிசையில் உட்கார்ந்து சுக்கு பொறுக்க ஆரம்பித்தார்.

"அக்கா, விளையாடாதீங்க. மேடம் வர நேரம். அந்தப் பக்கத்தக் கிழிச்சிருவோம்."

"பேஜ் நம்பர் போட்டிருக்கு."

"அடிச்சிட்டு எழுதுங்க."

"கையெழுத்து கையெழுத்துதான் தம்பி."

"இன்னிக்கி ஒரு நாள் மட்டும்க்கா!"

"எனக்குத் தேவைப்படும்போது மட்டும் மாத்திக்கிட்டா, இத்தன வருசம் நான் பண்ணினது கோமாளித்தனம்னு ஆயிராதா?"

பீரான் இக்காவிடம் ஓடினேன், நீங்களாவது ஏற்றுங்கள் என்று. அவர் பீடியை அணைத்துவிட்டு, "ஓர்டர் இல்லாதெ சாக்கு எடுக்கில்லா, மோனே" என்றார். உத்தரவு இல்லாமல் மூட்டை எடுக்கமாட்டார்களாம். முன்பொரு கிடங்கில் யாரோ வாய்வார்த்தையாகச் சொல்லி அவர் ஆட்கள் தப்பான சரக்கை ஏற்றிவிட்டு, சொன்னவன் நான் சொல்லவே இல்லை என்று கை விரித்துவிட்டானாம். "இவிடெ மாத்ரம் அங்ஙனெ ஒரு பிரச்னம் உண்டாயிட்டில்ல" என்றார். இங்கே மட்டும் அந்தத் தொல்லை வந்ததில்லையாம். பிறகு என்ன நினைத்தாரோ, ஸ்கூட்டர் சாவியை எடுத்து, "கேறு. சாயிப்பினெ பிடிக்காம்" என்றார். ஏறு, வெள்ளைக்காரரைப் பிடிப்போம் என்று அர்த்தம்.

நானும் இக்காவும் ஜூ டவுன் முழுக்கத் தேடினோம். பழம்பொருள் கடைகளில் தேடினோம், அரண்மனை வாசலில் தேடினோம், ஐஸ்கிரீம் வண்டியருகே நின்ற தப்பான ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்து மன்னிப்புக் கேட்டோம். கடைசியில் படகுத்துறை வரிசையில், டிக்கெட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார் எங்கள் இன்சார்ஜ்.

"சார், யூ ஆர் இன்சார்ஜ்" என்றேன் மூச்சிரைக்க.

"ஆஃப் வாட்?"

"ஆஃப் ஜிஞ்சர், சார்."

இக்கா அதற்குள் அவர் பையைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துவிட்டார். ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர், நடுவில் ஆறடி வெள்ளைக்காரர். போகிற வழியில் அவர் காதுக்குள் நான் சார்ஜ் நோட்டின் கதையை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்திக்கொண்டே போனேன்.

கிடங்கில் அதற்குள் மேடம் வந்துவிட்டிருந்தார். நாங்கள் நுழையும்போது, பாதிச் சரக்கு ஏற்றப்படாத லாரிக்கு முன்னால் நின்று, மூன்றாவது முறையாக, "ஆராணு இவிடத்தெ இன்சார்ஜ்?" என்று, இங்கே யார் இன்சார்ஜ் என்று, கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு சாயிப்பு" என்றார் பிலோமினா சேச்சி, தலையைக் குனிந்துகொண்டு. "எவிடெ?" "போட் ஜெட்டியில்." மேடத்தின் முகம் சுக்கின் நிறத்துக்கு வந்தது. "நான் உத்தரவு போடுகிறேன், ஏற்றுங்கள்" என்றார். ஒரு ஆளும் அசையவில்லை. அக்கா எழுந்து கைகட்டி நின்று, "எனக்கு இப்ப பவர் இல்ல மேடம். க்ஷமிக்கணும்" என்றார்.

வெள்ளைக்காரர் நேராகப் போய் நோட்டை எடுத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. முந்தின பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அவர் ஊரில் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவராம். டியூட்டி மாறும்போது நாங்களும் இப்படித்தான் எழுதுவோம், ஆனால் இதில் நேரம் எழுத இடமில்லையே என்று ஒரு குறை சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார், சார்ஜை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார், அக்காவுக்குக் கை கொடுத்தார். அக்கா கையெழுத்துப் போட்டார்.

"ஸ்டாண்ட் பை!" என்று ஒரு சத்தம். இக்காவின் ஆட்கள் எழுந்தார்கள். "ப்ரொசீட்!" அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் பார்த்தது வேலையே இல்லை, ஒரு திருவிழா. நாலு ஐம்பதுக்கு லாரி கிளம்பியது. வெள்ளைக்காரர் ஓரமாக நின்று கை தட்டிவிட்டு, அடுத்த படகைப் பிடிக்கப் போனார்.

மேடம் மட்டும் கை தட்டவில்லை. அக்காவை மாடிக்கு வரச் சொன்னார். நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். அவர் மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"அந்த ஆள் கிடைக்காமல் போயிருந்தால்?"

"வண்டி போயிருக்காது மேடம்."

"ஒரு கையெழுத்துக்காக கப்பலை விட்டிருப்பீர்கள். உங்களை எப்படிப் பொறுப்பில் வைத்திருப்பது?"

அக்கா நோட்டை மேஜை மேல் வைத்தார். மேடம் நோட்டைத் திறந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ரிமார்க்ஸ் பகுதியைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது, படியுங்கள் என்று என்னிடம் நீட்டினார். அதுவரைக்கும் நான் அந்த நோட்டில் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கிறேன், படித்ததில்லை. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

'சாக்கு ரெண்டு கிழிஞ்சுது. என் சார்ஜ்.' 'நாலு மூட்டை சுக்கு நனைஞ்சுது. சேச்சி மேல தப்பில்ல, மழை வரும்னு நான்தான் யோசிக்கல. என் சார்ஜ்.' 'தராசு உடைஞ்சுது. பீரான் ஆளு. என் சார்ஜ்.' பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. முற்றத்தில் யார் எதை உடைத்தாலும், கொட்டினாலும், மறந்தாலும், கடைசியில் அதே இரண்டு வார்த்தைதான். நடுவில் ஒரு வரியில் என் குரல் நின்றுவிட்டது. 'பேக்கிங் லிஸ்டுல ஊர் மாறிப்போச்சு. தம்பிகிட்ட ஊரை நான்தான் தப்பா சொன்னேன்னு சேட்டுகிட்ட சொல்லியாச்சு. என் சார்ஜ்.' ஜெர்மனியும் துபாயும். அந்த வாரம் சேட்டு ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை என்று எனக்கு மூன்று வருஷம் கழித்து அப்போதுதான் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. மேடம் முன்னால் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் மேடம். சொன்னேன். என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன்.

மேடம் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இன்றைக்கு?" என்றார்.

"எழுதிட்டேன் மேடம்" என்றார் அக்கா. "நோட்ட தொறந்து வெச்சிட்டுப் போனது என் தப்பு. சூப்பர்வைசர் வந்தா நல்லா இங்கிலீஷ் பேசுவாரு. ஒண்ணு மட்டும் அவருகிட்ட சொல்லிருங்க. ஆர்டர் போடுறது யாரு வேணா போடலாம். தப்பாப் போனா நிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும். அந்தப் பிள்ளைக பயப்படாம வேலை செய்யணும்ல."

மேடம் நோட்டை மூடி அக்காவிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "டைப் செய்யுங்கள்" என்றார். இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். இன்று முதல் கிடங்கின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுமாறு இதன்மூலம் உத்தரவிடப்படுகிறது என்று நாலு வரி. பெயர் போடவேண்டிய இடத்தில் என் விரல் நின்றது. அக்கா சொன்ன பெயரை அடித்தேன். அழகான பெயர். அதை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ஊருக்கெல்லாம் இங்கிலீஷில் உத்தரவு போட்டவருக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இங்கிலீஷ் உத்தரவு வந்திருந்தது. மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் நோட்டில் நேரத்துக்கு ஒரு கோடு புதிதாகப் போட்டிருந்தது.

நான் இப்போது எர்ணாகுளம் கலூரில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். அதற்கப்புறம் எனக்கு நாலு மேலதிகாரிகள் வந்துவிட்டார்கள், எல்லோருக்கும் நல்ல இங்கிலீஷ், எல்லோருக்கும் ஏ.சி. அறை. மாதத்தில் ஒரு நாளாவது மட்டாஞ்சேரிக்குப் போகிறேன். கிடங்குக்குள் நுழைந்து, மூட்டை வரும் பாதையில் வேண்டுமென்றே குறுக்கே நிற்பேன். அக்கா வந்து திட்டினால்தான் எனக்கு அந்த மாதம் ஓடும்.